கரீத்தி நட்ட சீகை மரங்கள்

எங்கள் லிமுரு மேட்டில் முதன்முதலாகக் காலிஃபிளவர் போட்டவன் கரீத்தி. வெள்ளைக்காரன் பண்ணையில் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கற்ற வேலை. "என்னடா, ஆட்டு மூளையச் செடியில காய்க்க வெச்சிருக்க?" என்று கேலி பண்ணாதவர் கிடையாது. அவன் சிரித்துக்கொண்டே சாணத்தைச் சுமந்து கொட்டுவான். நாலே வருஷத்தில் அவன் மூட்டைக்காக நைரோபி ஓட்டல்காரன் ரயிலடியில் ஆள் நிறுத்தினான்.

நிலம் அவனுடையதில்லை. மேட்டில் பாதி வெள்ளைக்காரன் வேலிக்குள் போய்விட்டதால், அவனும் நானும், மீதியில் நிலம் வைத்திருந்த முகுரியாவுக்கு வழக்கப்படி ஆளுக்கொரு குடுக்கை கரும்புக் கள் கொடுத்து, ஆளுக்கொரு துண்டு வாங்கிக் கொத்தினோம். இப்படி அண்டிப் பிழைக்கிறவன் எந்தப் பயிரும் போடலாம். மரம் மட்டும் நடக்கூடாது. நட்டால், நிலம் என்னுடையது என்று சொன்னதாக அர்த்தம்.

மலைக்காற்று காலிஃபிளவரைக் கருக்கியது. முகுரியாவே சீகை நாற்றுகளோடு வந்தான். எங்கள் இன வழக்கப்படி மூவருக்கும் ஒரே பருவத்தில் சுன்னத்து ஆனது. அந்த உறவு கூடப்பிறந்த உறவைவிடப் பெரிது.

"ஓரத்துல நடுடா, காத்தைத் தடுக்கும்."

"நான் மரம் நடலாமா?" என்றான் கரீத்தி.

"நமக்குள்ள என்னடா சட்டம்? இந்தா, முதல் நாத்த நானே வைக்கிறேன்."

குழி வெட்டியது நான்.

மரங்கள் ஆள் உயரம் தாண்டியதும் முகுரியா பெரியவர்கள் சபைக்குப் போனான். "அண்டி வந்தவன் மரம் நட்டு என் நிலத்தப் பிடிக்கப் பார்க்குறான்" என்று கூசாமல் சொன்னான். கரீத்தி துள்ளி எழுந்தான்.

"நாத்து கொண்டுவந்ததே நீதானேடா! நீயா இப்படிப் பேசுற?"

"பார்த்தவன் யாரு?" என்றார் பெரியவர்.

கரீத்தி என்னைக் காட்டினான். என் துண்டும் முகுரியாவின் நிலம்தான். பட்டாணி அப்போதுதான் பூவிட்டிருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

ஏழு வருஷம் சாணம் தின்று கறுத்த மண் முகுரியாவுக்குப் போனது. ஊர் அவனைத் துரோகி என்று திட்டுகிறது. நானும் சேர்ந்து உரக்கத் திட்டுகிறேன், வெட்கங்கெட்டவன்.

ஊரைவிட்டுப் போகிற அன்று கரீத்தி மூட்டையோடு என் வாசலில் நின்றான்.

"அன்னிக்கு எத்தனை குழிடா வெட்டின?"

"பதினொண்ணு." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"நல்லா ஞாபகம் வெச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.