படங்குமேல் ஒரு கிட்டார்

மலையிலிருந்து இறங்கியதும் கூடையை வாசலில் கவிழ்த்து வைக்கும் வீரம்மா, இடுப்பில் கட்டிய படங்கை மட்டும் அவிழ்ப்பதில்லை. தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் இருக்கக் கட்டும் முரட்டுச் சாக்கு அது. அதன்மேல் வைத்தால்தான் கிட்டார் தொடையிலிருந்து வழுக்காது என்பது அவள் கண்டுபிடிப்பு. அடுப்படியில் குட்டிப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்து, முறுக்காணியைத் திருகுவாள். சுதி சேர்ந்ததென்று போனில் பச்சை வெளிச்சம் வரும்வரை மூச்சு விடமாட்டாள்.

கிட்டார், கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஜெபவீட்டுக்குச் சொந்தம். அதை வாசித்த தனுஜா கலியாணமாகிக் கொத்மலைக்குப் போனபின் சுவரில் தொங்கியது. யார் எடுக்கிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டபோது இளசுகள் எல்லாம் தரையைப் பார்த்தன. நாற்பது தாண்டிய வீரம்மா எழுந்து நின்றாள். அதுவரை அந்தச் சபையில் அவள் குரலை யாரும் தனியாகக் கேட்டதில்லை.

கைதான் சொன்னபடி கேட்கவில்லை. கொழுந்து பறித்துப் பறித்து விரலின் பக்கவாட்டில் காய்த்திருக்கிறது. கம்பி அறுப்பதோ நுனியில். வலது கை கம்பியைத் தொட்டதுமே கிள்ளி மேலே இழுக்கிறது. பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து மரியாயி குரல் கொடுப்பாள்: “ஏன்டி, அதையும் கிள்ளிக் கூடையில போட்டு நிறுக்கக் கொண்டுபோகப் போறியா?” வீரம்மா மறுபடி கையை வைப்பாள். சற்று நேரத்தில் மரியாயியும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பழகும் ஜெபப்பாட்டை முணுமுணுப்பாள்.

போன ஞாயிறு, அடுப்படியில் பச்சை வெளிச்சம் காட்டிய கிட்டாரைக் கம்பளியில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு போனாள். பனி புகுந்த ஜெபவீட்டில் முதல் பாட்டிலேயே கம்பி ஒரு பக்கமும் சபை ஒரு பக்கமுமாகப் போனது. மரியாயி பாதியில் பாடுவதையே நிறுத்திவிட்டாள். பாஸ்டர் கோபப்படவில்லை. அடுத்த வாரமும் சரிவராவிட்டால் கிட்டாரை உடப்புசல்லாவை ஊர்ச் சபைக்குக் கொடுத்துவிடலாம், அங்கே வாசிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

வீடு திரும்பியவள் அடுப்படியில் மறுபடி சுதி சேர்த்தாள். கிட்டாரைக் குளிரடிக்கும் வாசலில் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தாள். பிறகு போனைக் காட்டிப் பார்த்தால் பச்சையைக் காணோம். ஆறு கம்பியிலும் சுதி ஏறிக் கிடந்தது.

“குளுருக்கு நம்மளாட்டம் இதுவும் வெறைச்சுக்குதுடி,” என்றாள் மரியாயியிடம். “இத்தன நாளா அடுப்புக்கிட்டயே வச்சுச் செல்லங் குடுத்துட்டேன்.”

இந்த ஞாயிறு யாரும் வருமுன்பே போய், ஜெபவீட்டுச் சன்னலைத் திறந்துவிட்டு, கிட்டாரை வெறும் மேலோடு சுவரில் சாய்த்து வைத்தாள். கம்பளியைத் தான் போர்த்திக்கொண்டு, விரல்களைக் கக்கத்தில் செருகிக் காத்திருந்தாள். சபை கூடியபின் அங்கேயே சுதி சேர்த்தாள். பாட்டின் நடுவே ஓரிடத்தில் விரல் கொழுந்து கிள்ளிவிட்டது, கம்பி டங்கென்றது. மரியாயி நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினாள்.

பாட்டு முடிந்தது. ஞாயிற்றுச் சேலையில் கிட்டார் வழுக்கிக்கொண்டே இருந்தது. உடப்புசல்லாவைக்குக் கொண்டுபோகவென்று பாஸ்டர் எடுத்து வைத்திருந்த முரட்டுத் துணிக் கிட்டார்ப் பை வாங்குப் பலகைமேல் கிடந்தது. வீரம்மா அதை எட்டி எடுத்தாள். நாலாக மடித்துத் தொடைமேல் விரித்து, கிட்டாரை அதன்மேல் வைத்து, அடுத்த பாட்டுக்கு விரல்களைக் கம்பியில் பதித்தாள்.