எட்டுப் போளி

கோவில்பட்டி டீக்கடையில் அந்த வெட்டிப்பேச்சு இன்னும் ஓயவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் மாவட்டக் குத்துச்சண்டை இறுதிப்போட்டியில் சாமித்துரையும் காசிராஜனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? அன்று எடை அரைக்கிலோ கூடிப்போனதென்று காசிராஜனை விலக்கிவிட்டு, சண்டையே இல்லாமல் சாமித்துரையிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது தீப்பெட்டி லோடு ஏற்றும் சாமித்துரை, இந்தப் பேச்சு எழுந்தாலே இடத்தைக் காலி பண்ணிவிடுவார். இன்று எழுந்தவரைக் காசிராஜனே கையைப் பிடித்து உட்காரவைத்து, டீக்கடைக்காரரிடம் சொன்னார்.

"இவன்தான் ஜெயிச்சிருப்பான், அண்ணாச்சி. எடை பாக்கதுக்கு முந்தி பாசமா எட்டு கடம்பூர் போளி வாங்கிட்டு வந்தான். எனக்குத்தான் வாயைக் கட்டத் தெரியல."

காசிராஜனின் இடதுகைக் குத்துக்குப் பயந்துதான் அந்த எட்டுப் போளியையும் வாங்கிப் போனார் சாமித்துரை. அந்த இடதுகைதான் இப்போது அவர் கையை விடாமல் பிடித்திருந்தது.