நிழற்குடையில் அண்ணனும் தங்கையும்

தேவாலாவிலிருந்து கூடலூர் போகும் வழியில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அங்கே கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவுக்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் டைப் அடித்தவன் நான்தான். கையெழுத்து மேனேஜருடையது. ஆனால் அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், கொண்டுபோய்ப் படித்துக் காட்டியதும் நான்தான்.

படித்து முடித்ததும், "இன்னொருக்கா படிங்க கிளாக்கரையா" என்றார். படித்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நான் அதைக் குடித்துவிட்டும் வந்தேன்.

அவர் இருபது வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். கூட வந்தவர் அண்ணன் ஒருவர் மட்டும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு நிரந்தர வேலை கிடைத்து, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்று கிடைத்தது. லயம் என்றுதான் அவர் இன்றும் சொல்வார். அண்ணன் தினக்கூலியாகவே இருந்தார். ஒரு வருஷம் சவுக்கு மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். அதன்பிறகு கோல் ஊன்றித்தான் நடை. வீட்டில் சோறாக்குவது, விறகு பொறுக்குவது, தங்கை வேலை முடிந்து வரும்போது வெந்நீர் போட்டு வைப்பது, இவை அவர் பொறுப்பு.

எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் மகனோ மகளோ பெயர் பதிந்துகொள்வார்கள், வீடு கைமாறாது. பிள்ளை இல்லாதவர்களுக்கு அந்த வழி இல்லை. தங்கை ஓய்வுபெற்ற அன்று ஆபீஸ் வாசலில் மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் இருவரும் பந்தலூர், கூடலூர், ஸ்ரீமதுரை வரை வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தார்கள். சம்பாதிக்க ஆளில்லாத இரண்டு வயசாளிகளுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. போன இடத்திலெல்லாம் முதலில் கேட்டது, பிள்ளைகள் எங்கே என்பதுதான்.

நான் சாவி வாங்கப் போன அன்று காலையிலேயே புதிய குடும்பம் வந்து நின்றிருந்தது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த இளம் புருஷன் பெண்டாட்டி. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் தோளிலேயே சுமந்துகொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா வீட்டைக் கூட்டி, அடுப்பு மேட்டைச் சாணி போட்டு மெழுகிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கூரையில் எந்த இடத்தில் ஒழுகும் என்று அந்தப் பெண்ணுக்குக் கையால் காட்டினார். பாஷை புரியாவிட்டாலும் அவள் தலையாட்டினாள்.

அன்று மதியம் அண்ணனும் தங்கையும் எஸ்டேட் முக்கில் இருக்கும் பஸ் நிழற்குடையில் போய் உட்கார்ந்தார்கள். ரெண்டு நாள் இருந்துவிட்டு எங்கேயாவது போய்விடுவோம் என்றார்கள்.

முதல் வாரம் எல்லோருக்கும் மனசு இளகித்தான் இருந்தது. லைன் பெண்கள் வேலைக்குப் போகும்போது தூக்குப் போசியில் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். எதிரில் டீக்கடை வைத்திருந்த மலையாளி காலையில் இரண்டு டீயும் பன்னும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். என் மனைவி மேட்டுப்பாளையத்துக்காரி, கொள்ளுப் பருப்பு கடைந்தால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவாள். அந்த அம்மா ஒரு பழைய சேலையை மூலையில் கட்டி மறைப்பு செய்துகொண்டார். விடிந்ததும் நிழற்குடையைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். பஸ்ஸுக்கு யாராவது வந்தால் இருவரும் எழுந்து ஓரமாய் நின்று இடம் விடுவார்கள்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை விட்டு விட்டுப் பெய்யாது. பிடித்தால் வாரக்கணக்கில் பெய்யும். நிழற்குடைக்குள் துணி காயாமல் வாடை வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நனைந்துகொண்டு வெளியே நின்றார்கள். பயணிகளுக்குக் கட்டியதைக் குடித்தனமாக்கிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். கொஞ்ச நாளில் அதைப் பத்துப் பேர் சொன்னார்கள். டீக்கடைக்காரர், அவர்களைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் டீ இறங்கவில்லை என்று என்னிடம் குறைப்பட்டார். அவர்கள் நிஜமாகவே அண்ணன் தங்கைதானா என்றுகூட ஒருநாள் ஆபீஸில் பேச்சு வந்தது. நாற்பது வருஷமாக அவர்களைத் தெரிந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருநாள் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நம்மூட்டுப் பின்னாடி வெறகுக் கொட்டாய் சும்மாத்தானே கெடக்குது. மழை நிக்கற வரைக்குமாச்சும் அவங்க அங்க இருக்கட்டுமே."

குவார்ட்டர்ஸில் வெளியாட்களை வைக்கக் கூடாது, அது கம்பெனி சட்டம் என்றேன். சட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, கேட்கவில்லை என்பதுதான் சரி. அதன்பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிண்ணம் அனுப்புவதும் மெல்ல நின்றது. நான் முக்கு வழியாக ஆபீஸுக்குப் போவதை விட்டுவிட்டு, செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் அட்டைக் கடியோடு போய்வந்தேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் யானை வந்தது. டீக்கடைக்குப் பின்னால் இருந்த வாழையைத் தின்றுவிட்டு ரோட்டுக்கு ஏறி, நிழற்குடைக்கு முன்னால் நெடுநேரம் நின்றது. உள்ளே அண்ணனும் தங்கையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். யானை மறைப்புச் சேலையை உருவி எடுத்து ரோட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டது. வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். யாரோ ஒருவர் கோயமுத்தூரில் ஆதரவற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்துக்குப் போன் செய்தார்.

மூன்றாம் நாள் வேன் வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள். அந்த அம்மாவை அம்மா என்றும், அண்ணனை ஐயா என்றும்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்களுடையது பெண்களுக்கான இல்லம். ஆண்களுக்கு வேறொரு இடம் சேலம் பக்கம் இருக்கிறது, அங்கே சொல்லி வைத்திருக்கிறோம் என்றார்கள்.

அந்த அம்மா வேனில் வைத்த காலை எடுத்துவிட்டார். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்ங்க. ஒண்ணாத்தான் இருப்போம்" என்றார்.

வந்தவர்கள் ஊர்க்காரர்களைப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா யார் பேச்சையாவது கேட்பதென்றால் கிளாக்கரையா பேச்சைத்தான் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் பக்கத்தில் போய், "ஒரு மாசந்தாம்மா. அப்புறம் ரெண்டு பேரையும் ஒரே எடத்துல சேத்துருவாங்க" என்றேன்.

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "கிளாக்கரையா சொல்றாரு" என்றார். அண்ணன் தலையசைத்தார். தங்கை அவருடைய கம்பளியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். வந்தவர்கள் நீட்டிய தாளில் சாட்சி என்று போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நாலைந்து பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். படத்தில் நானும் நிற்கிறேன்.

அண்ணனை மறுநாள் சேலத்துக்கு அனுப்பிவைத்தோம். பஞ்சாயத்தில் நிழற்குடைக்கு வெள்ளையடித்தார்கள். சிமெண்டு திண்டின் மேல் இரண்டடிக்கு ஒரு இரும்புக் குழாய் பதித்து, யாரும் படுக்க முடியாதபடி செய்தார்கள். ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. எனக்கும் இருந்தது. குறுக்குப் பாதையை விட்டுப் பழையபடி முக்கு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, அந்தக் குழாய்களுக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து நாலு பஸ் மாறி வந்திருக்கிறார். தாடி வளர்ந்து, பாதம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கோலை ஊன்றி எழப் பார்த்தார்.

"தங்கச்சி வந்திருச்சுங்களா ஐயா?" என்றார்.

ஒரு மாதம் என்று நான் சொன்னதை அவர் நாள் வைத்து எண்ணியிருக்கிறார். மாதங்கள் கடந்தும் யாரும் சேர்த்து வைக்காததால், தங்கை எப்படியும் இந்த முக்குக்குத்தான் திரும்புவாள் என்று கிளம்பி வந்துவிட்டார்.

இந்த முறை யாரும் போசியில் சோறு கொண்டுவரவில்லை. நல்ல இடத்தில் கொண்டுபோய் விட்டோம், மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள், இவருக்கு என்ன குறை வந்தது என்று கோபம்தான் இருந்தது. அவர் எதையோ எங்களிடமிருந்து திருடிவிட்டதைப் போலப் பேசினார்கள். முன்பு குறைப்பட்ட டீக்கடைக்காரர் ஒருவர்தான், "சாரே, அந்தக் கம்பி மேல மனுசன் எங்ஙன படுக்கும்?" என்று சொல்லி, கடைக்குப் பின்னால் அடுப்புச் சூடு படும் இடத்தில் சாக்கு விரித்துக் கொடுத்தார். அவர் மனசு எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நான் லீவு போட்டுக் கோயமுத்தூருக்குப் போனேன். இல்லம் சுத்தமாக இருந்தது. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களில் யார் அவர் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவர்தான் என்னைக் கண்டுபிடித்து எழுந்து வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முக்குக்கு வந்துவிட்டதையும் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களா கிளாக்கரையா?"

கொண்டுபோயிருந்த பன் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன்.

"கூட்டிட்டுப் போனா எங்க வைப்பீங்க?"

அதில் குத்தல் இல்லை. எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த மலையில் எத்தனையோ லைன்கள், எத்தனையோ குவார்ட்டர்ஸ், பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள். ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்ப நான் இங்கயே இருக்கேங்க. இங்க மழ ஒழுகல" என்றார். "அண்ணனைக் குளிர்ல விடாதீங்க. அதுக்கு நெஞ்சுச் சளி கட்டும்."

இல்லத்தை நடத்தும் அம்மாவிடம், அண்ணனையும் இங்கேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் கண் கலங்கினார். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் நிறைய, ஒருவருக்காக மாற்றினால் லைசென்ஸ் போய்விடும் என்றார்.

ஊர் திரும்பியதும், அதுவரை செய்யாததைச் செய்தேன். மேனேஜரிடம் போய் விறகுக் கொட்டகையைக் கேட்டேன். அவர் கடிந்து பேசவில்லை. அடுத்த வருஷம் நீங்களே ரிட்டயர் ஆகப்போகிறீர்கள், குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது சிக்கல் வேண்டாம் என்று எனக்காகக் கவலைப்படுகிறவர் போலச் சொன்னார். சரி சார் என்று வந்துவிட்டேன்.

அண்ணனிடம், தங்கை நன்றாக இருக்கிறார், குளிர் போனதும் பார்க்கலாம் என்றேன். முடி வெட்டியதைச் சொல்லவில்லை. எந்த ஊர், பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். சாதாரணமாகக் கேட்கிறார் என்று நினைத்து விவரமாகச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவர் இல்லை. முதல் பஸ்ஸில் ஏறினார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஊட்டி பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கோயமுத்தூருக்குப் போன் செய்தேன், வரவில்லை என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தேன். ஊட்டி ஆஸ்பத்திரியில் கேட்டேன், குன்னூரில் கேட்டேன். அவரைப் போன்ற ஒருவரை மார்க்கெட் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தால் வேறு யாரோ.

அந்த வேறு யாரோவிடம்தான் நான் முதன்முதலாக உட்கார்ந்து பேசினேன். அதுவரை ரோட்டோரத்தில் படுத்திருப்பவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இப்போது ரிட்டயர் ஆகி, மேட்டுப்பாளையத்தில் மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஊட்டிக்கோ குன்னூருக்கோ போனால் பஸ் நிலையத்தின் படிகளில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்கள்.

இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போகிறேன். முதல் வருஷம் முழுவதும் அந்த அம்மா, அண்ணன் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். இப்போது மலையில் மழை எப்படி என்று கேட்கிறார். இந்த முறை குறைச்சல்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.