படத்துக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு

விமானச் சாப்பாட்டைத் திட்டாத பயணி கிடையாது. அதைத் தட்டில் அடுக்கியவர்களை நினைத்துப் பார்த்த பயணியும் கிடையாது. எண்பதுகளின் கடைசியில், லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோவில் அப்படியொரு சமையல் கம்பனியில் நான் தட்டு அடுக்கினேன். ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் யாழ்ப்பாணத்துப் பெண்களும் பஞ்சாபிப் பெண்களுமாக நீலக் கோட்டுடன் நிற்போம். சூப்பர்வைசர்களுக்கு வெள்ளைக் கோட்டு. அகதியாய் வந்து, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் 'தாங்க் யூ' சொல்லியே வாய் வலித்தவர்களே, இது உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

பாம்

எங்களில் மூத்தவர் பரமேஸ்வரி அக்கா. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையை நடத்தியவர். புதிதாக யார் வந்தாலும், வெள்ளையோ கறுப்போ, வேலை பழக்குவது அவர்தான். ஆனால் அவருடைய பெயர் அட்டையில் 'பாம்' என்று இருக்கும். சேர்ந்த அன்றே மனேஜர் சுருக்கிச் சூட்டிய வெள்ளைக்காரப் பெயர் அது. பரமேஸ்வரி என்று சொன்னால் அவருக்கு நாக்குச் சுளுக்குமாம். பிரெஞ்சு வைன் பெயர்களை மட்டும் அதே நாக்கு ஒரு பிசகில்லாமல் சொல்லும்.

அக்கா அட்டையைக் கோட்டில் குத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எங்கடை வீட்டு ஆட்டுக்குக்கூட இதைவிட நீளமான பேர் வைச்சனாங்கள், பிள்ளை."

உங்கள் பாஷை

பெல்ட்டில் நிற்கும்போது தமிழ் பேசக் கூடாது என்றொரு சட்டம். பாதுகாப்புக்காம்! 'கை, கை!' என்று தமிழில் கத்தினால் விரல் தப்பும், ஆங்கிலத்தில் யோசித்து முடிப்பதற்குள் விரல் போய்விடும் என்பது அவர்களுக்கு விளங்கவே இல்லை. மீறியவர்களுக்கு எச்சரிக்கை.

ஒருநாள் பம்பாயிலிருந்து ஒரு விமானக் கம்பனிக்காரர் பார்வையிட வந்தார். மனேஜர் ஓடி வந்து அக்காவை முன்னால் தள்ளிவிட்டு, "உங்கள் பாஷையில் பேசுங்கள், பாம்" என்றார். வந்தவர் ஹிந்தியில் ஏதோ கேட்டார். அக்கா விழித்தார். பிறகு இருவரும் ஆங்கிலத்தில் சோற்றுப் பதத்தைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்தில் மனேஜர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்த அக்கா சொன்னார்: "நல்ல காலம், ரெண்டு பேருக்கும் இங்கிலிஷ் தெரிஞ்சது."

லட்டு

சூப்பர்வைசர் வேலையொன்று காலியானது. அக்கா விண்ணப்பித்தார். அவருக்குத்தான் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேரம் பார்த்து மனேஜர் வந்து, "நாளைக்கு வெள்ளைக் கோட்டில் உங்களைப் படம் எடுக்கப்போகிறோம், பாம்" என்றார். வேறென்ன நினைப்போம்? அன்று பின்னேரமே சவுத்தால் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தேன்.

படக்காரர் அக்காவுக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி, கையில் பேனாவைக் கொடுத்து, அரை மணித்தியாலம் படம் பிடித்தார். முடிந்ததும் தேத்தண்ணி அறையில் லட்டுப் பெட்டியைத் திறந்தோம். மனேஜரும் வந்து ஒன்று எடுத்துச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கோட்டைக் கழற்றித் தாருங்கள், நாளைக்கு ஸ்டீவுக்கு வேண்டும்."

ஸ்டீவ், அக்கா வேலை பழக்கிய ஆள்.

நிறம் பார்க்காதவர்கள்

அடுத்த வாரம் அந்தப் படம் ஆளுயரத்தில் வாசலில் தொங்கியது. மேலே, 'இங்கே எல்லோருக்கும் சம வாய்ப்பு.' கீழே, 'பரமேஸ்வரி, சூப்பர்வைசர்.' சுளுக்கிய நாக்கு எப்படிக் குணமானதோ தெரியாது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு மனேஜரிடம் போனேன். அக்காவின் ஆங்கிலம் எல்லோருக்கும் விளங்காது, அதனால்தான் வேலை கொடுக்கவில்லை என்றார். ஸ்டீவ் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்காரன். அவன் பேசுவது லண்டன்காரருக்கே விளங்காது.

"அப்படியானால் எதற்கு இந்தப் படம்? பொய்தானே?" என்று கேட்டேன். மனேஜருக்கு மனம் நொந்துபோனது. "இங்கே நாங்கள் யாரும் நிறம் பார்ப்பதில்லை" என்றார்.

படத்தில் இருப்பவர்

கொஞ்ச நாளில் பெரிய விமானக் கம்பனியொன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒப்பந்தம் பேச வந்தார். வாசலில் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரே எனக்குச் சமையற்கூடத்தைச் சுற்றிக் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார். மனேஜர் ஸ்டீவின் கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பெல்ட்டுக்கு ஓடி வந்தார். "பரமேஸ்வரி, இதைக் கொஞ்சம் போடுங்கள்." அவர் வாயில் முதல் தடவையாக முழுப்பெயர்!

அக்கா கோட்டைத் தொடவில்லை. "அது ஸ்டீவின்ரை. எனக்குப் பெரிசு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நீலக் கோட்டுடன் வாசலுக்கு நடந்தார். நாங்கள் பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனோம். வந்தவர் அக்காவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது: "மன்னிக்கவேண்டும், மேடம், நான் படத்தில் மட்டும்தான் சூப்பர்வைசர்."

ஆணி

அந்தப் பெண்மணி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமலே போய்விட்டார். இனியாவது வேலையைக் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். மறுநாள் காலை படத்தைக் காணவில்லை. "படம்தானே பிரச்சினை? கழற்றிவிட்டோம்" என்றார் மனேஜர். எங்கள் மனுஷிக்கு உரிய வேலையை மறுத்த அநியாயம் அவர் கண்ணுக்குப் படவேயில்லை.

சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து அக்கா வேலை முடிந்ததும் தன் நீலக் கோட்டை, 'பாம்' அட்டையோடு, அந்த ஆணியில் கொழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வருகிறவர்கள் எல்லோரும் இதென்ன என்று கேட்பார்கள். எடுக்கச் சொல்லி மனேஜர் சத்தம் போட்டபோது அக்கா அசையவில்லை. "ஏலாது. நீங்கள் எனக்குத் தந்த இடம் இது ஒண்டுதான்."

நிறமே பார்க்காத அந்தக் கம்பனியில், படம் பிடித்த அந்த அரை மணித்தியாலத்தைத் தவிர, வெள்ளைக் கோட்டு வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் அளவாக இருந்தது.