மேலுமலை இறக்கத்தில் அவிழ்த்த முடிச்சு

போன தை மாதம், சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில், மேலுமலை இறக்கத்தில் இது நடந்தது.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் ஒரே மகன் பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி வந்து, வேறொரு காரின் என்ஜினை அதில் ஏற்றி, தச்சரிடம் மரக் கதவுகள் செய்து மாட்டி, தானே ஒரு கார் கட்டினான். ஊரில் அதற்கு 'டீச்சர் வீட்டுத் தேர்' என்று பெயர். ஓடியது மூன்றே மாதம். உத்தனப்பள்ளிப் பக்கம் ஏரிக்கரையில் கவிழ்ந்து அவன் வலது கை முறிந்தது. பிறகு ஒரு வருஷம் கார் கொட்டகையில் கிடந்தது. சீட்டில் கோழி முட்டையிட்டது. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

கை கூடியதும் அவன் மறுபடி சாமான்களைக் கழற்றவும் மாட்டவும் ஆரம்பித்தான். வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி மாதத்தில் ஒரு நாள்தான் கிருஷ்ணகிரிக்கு வருவார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் கார் திரும்ப ரோட்டில் ஓடலாம். அதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். அவன் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டிருந்த சாமான்களிலிருந்து, கொண்டை ஊசியைப் போல இரண்டு கால் உள்ள ஒரு சின்ன இரும்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அது எதற்கானது என்று எனக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது, இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று மட்டும் நினைத்தேன்.

காலையில் கொட்டகை முழுவதும் தேடினான்.

"ம்மா, இங்க ஒரு காட்டர் பின் இருந்துச்சே, பாத்தியா?"

"நான் என்னத்தக் கண்டேன்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை அந்த இடத்தில் முறுக்கிவிட்டு, "கிருஷ்ணகிரி போனதும் புதுசு வாங்கி மாட்டிக்கறேன்" என்றான். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவனைத் தனியே அனுப்பவும் மனம் வரவில்லை. முந்தானை முடிச்சோடு நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"தேர்ல ஏறவே மாட்டேன்னு சொன்னவ, இப்ப சாமியாட்டம் வந்து உக்காந்துட்ட" என்று சிரித்தான்.

சூளகிரி தாண்டும் வரை வண்டி நன்றாகவே ஓடியது. அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பயம் குறைந்தது. இறக்கத்தில் பாதி தூரம் போயிருப்போம். ஸ்டியரிங் அவன் கையில் சும்மா சுற்றியது. இடதுபக்கம் மலை, வலதுபக்கம் பள்ளம். அவன் பிரேக்கை மிதித்து ஒரு கையால் என்னைச் சீட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். கார் தன் இஷ்டத்துக்கு இடதுபக்கம் திரும்பி, ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. வலதுபக்கம் திரும்பியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

பின்னால் புளி மூட்டை ஏற்றி வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டு கழன்று தொங்கியது. கட்டுக்கம்பி அறுந்து, நட்டு எங்கோ விழுந்திருந்தது.

"ஏம்ப்பா, ஸ்டியரிங்குக்குக் கட்டுக்கம்பியா? பந்தல் போடறியா நீ? அம்மாவ வேற கூட ஏத்திக்கினு வந்திருக்க."

"என் தப்புதாங்கண்ணா. அந்தக் காட்டர் பின்ன எங்கயோ தொலச்சிட்டேன்."

தலை குனிந்து நின்று அவன் இதைச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இருவரும் மேடேறித் தேடி நட்டைக் கண்டுபிடித்தார்கள். "நட்டு கெடச்சிது. பின் இல்லாம நிக்காது. எங்கிட்ட இந்த சைசு இல்லையே" என்றார் டிரைவர்.

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். பல்லால் இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. "நான்தான் எடுத்தேன். இவன் போகக் கூடாதுன்னு எடுத்தேன்" என்று உள்ளங்கையை நீட்டினேன்.

மகன் என்னையே பார்த்தான். என்ன சொல்லியிருப்பானோ, அதற்குள் டிரைவர் பேசிவிட்டார்.

"எங்கம்மா இதுக்கும் மேல. நான் மொத மொத லாரி எடுத்தப்ப சாவியக் கொண்டுபோய் ராகிப் பானைக்குள்ள போட்டுட்டா. மூணு நாள் தேடினோம். களி கிண்ட மாவு அரைக்கப் போனப்பதான் கெடச்சிது." மகன் சிரித்துவிட்டான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கழன்ற மூட்டைத் திரும்பச் சேர்த்து நட்டை முடுக்கியபின் அவர் என்னைக் கூப்பிட்டார். "வாம்மா. எடுத்த கையாலயே மாட்டு." ரோட்டில் மண்டியிட்டு, அவர் காட்டிய துளையில் நான்தான் அதைச் செருகினேன். அதன் இரண்டு காலையும் என் மகன் மடக்கினான். குருபரப்பள்ளி தாண்டும் வரை லாரி எங்களுக்கு முன்னால் மெதுவாகவே போனது. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதிகாரி அன்றே அனுமதி கொடுத்தார். என் மகன் இதுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவன் காரை எடுக்கும் ஒவ்வொரு காலையும் என் விரல்கள் முந்தானை நுனியைத் தடவிப் பார்க்கின்றன. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வாசலுக்கு வந்து, "எனக்குப் பயமா இருக்குடா, பாத்துப் போ" என்று அவனிடம் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.