வலிக்குது என்று சொன்ன நாள்

ஆலையில் அவருக்குப் 'பரவாயில்லை' என்றே பெயர். முப்பது வருடம் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றினார். கை வெந்தாலும் பரவாயில்லை, சம்பள உயர்வு கைநழுவினாலும் பரவாயில்லை. மனைவி இறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து மகள், "நான் வரட்டுமாப்பா?" என்று கேட்டபோதும் அதே பல்லவிதான். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்றால், இருந்தார்.

அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி வலது நுரையீரலைச் சுற்றிப் புற்றுநோயாகி விலா எலும்புகளுக்குள் புகுந்தது. பத்துக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்டால் "நாலு" என்பார். கட்டில் கம்பியை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்துத்தான் டாக்டரம்மா விஷயத்தைக் கண்டுபிடித்தார். மாத்திரைகளுக்கு வலி அடங்கவில்லை. நோய் குணமாகாது, வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதையைக் கழுத்துக்குள் ஊசி விட்டுச் சுட்டுத் துண்டிக்கலாம் என்றார்.

"ஆனா நீங்க முழிச்சிருக்கணும். எங்க தெரியுதுன்னு நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கணும்."

வலப்பக்க வலியின் பாதை கழுத்தில் இடப்பக்கமாகத்தான் போகிறதாம்; கழுத்தை மரக்கச் செய்து, இடது காதுக்குக் கீழே ஊசியை இறக்கினார்கள். மெல்லிய மின்சாரம் பாய்ந்தது.

"வலது நெஞ்சுல வெதுவெதுப்பா இருக்கா?"

கால்தான் வெதுவெதுத்தது. ஆனால் டாக்டரம்மா ஒரு மணி நேரமாக நிற்கிறாரே, பாவம்.

"இருக்கும்மா."

"நிச்சயமா? சுட்டுட்டா திரும்பி வராது. சுடட்டுமா?"

தப்பான இடத்தைச் சுட்டுவிட்டால், இதே வலியோடு அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும், தனியாக.

"இல்லம்மா. பொய் சொன்னேன். கால்லதான் தெரியுது. நெஞ்சு வலிக்குதும்மா. தாங்க முடியல."

அறுபத்தெட்டு வயதில் ஓவென்று அழுதார்.

"அழுங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க," என்றார் டாக்டரம்மா.

ஊசி இம்மியளவு நகர்ந்தது. இந்த முறை நெஞ்சே வெதுவெதுத்தது. சுட்டார்கள். எட்டு மாதமாகக் கூடவே கிடந்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நம்பாமல் விலாவை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வார்டில் மற்ற கட்டில்களைச் சுற்றியெல்லாம் ஆட்கள். அவர் மகளுக்குப் போன் போட்டார்.

"வலி சுத்தமா போயிடுச்சும்மா."

"அப்பாடா! இப்பதான்பா எனக்கு உயிரே வந்துது. அப்போ அவசரம் இல்லல்ல? லீவு கிடைக்கறப்ப வரட்டுமா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ யாருக்கோ தலையணையைச் சரிசெய்தார்கள்.

"அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேம்மா," என்றார். "இப்பவே வா."