ஈயத்துக்கு மட்டும் ஒத்துவராத கணக்கு

எனக்கு ஐம்பத்து நாலு வயது நடக்கிறது. பெற்று வளர்த்தது நாலு, பெறாமல் வளர்த்தது ஒன்று. அந்த ஒன்றுக்குத்தான் இந்த நினைவு மலர். என் மூத்த மகள் பிறந்து சில மாதத்தில் எங்கள் அம்மாவுக்குக் கடைசிப் பிரசவம். பிள்ளை பிழைத்தான், அம்மா போய்விட்டார். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் தம்பி என்று இரண்டு பேருக்கும் நான்தான் பால் கொடுத்தேன்.

மலரில் காலமானவரை "அவர்" என்றுதான் போட வேண்டும் என்று சொல்கிறார்கள். மற்றவர்கள் அப்படியே எழுதட்டும். இடுப்பில் தூக்கிச் சுமந்தவனை "அவர்" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பிறந்தது ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊரில். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். வந்து இறங்கும் தோலைப் பிரித்துப் பார்த்து, இது எடுக்கலாம், இது ஆகாது என்று ஒதுக்குவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் அந்த வாசனையும் கூடவே வரும். எங்களுக்கு அது வாசனையாகத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகள் மூக்கைப் பிடித்தபோதுதான் அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரிந்தது.

தம்பி வேலூரில் போர்டிங்கில் தங்கிப் படித்தான். அங்கே சாப்பாடு போதாது. லீவில் வந்தால் அடுப்பங்கரையை விட்டு நகர மாட்டான். பிறகு மெட்ராஸ் காலேஜ். அப்பா அப்போது படுக்கையில். மெட்ராசில் யாரைத் தெரியும் எங்களுக்கு? கிடங்கு முதலாளியான பாய்தான், "பெரியமேட்டுல நம்ம மண்டி மாடி சும்மா கிடக்குது, அங்கே இருக்கட்டும்" என்றார். கீழே தோல் கட்டு, மேலே என் தம்பி. காலேஜில் பக்கத்தில் உட்காரும் பையன்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். எனக்குத்தான் பொறுக்காது.

படித்து முடித்து அங்கேயே தற்காலிக உபாத்தியாயராக இருந்தான். என்ன வேலை, என்ன ஆராய்ச்சி என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். ஒளியைப் பற்றி என்று ஒருமுறை நான் சொல்லிவிட்டேன். அது எப்படியோ பரவி, அவன் எக்ஸ்ரே படம் பிடிக்கிறவன் என்று ஆகிவிட்டது. ஒரு கிறிஸ்மஸ் லீவில், கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் கை ஒடிந்தவர் ஒருவர் கழுத்திலிருந்து துணியால் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார். "தம்பி, உள்ளே எலும்பு எப்படி இருக்குதுன்னு ஒரு பார்வை பாத்துடு" என்கிறார். தம்பி பாவம், "ஐயா, நான் அந்த ஒளியைக் கண்ணாலயும் பாத்ததில்ல" என்றான். அவருக்கு நம்பிக்கை இல்லை. "மெட்ராஸ்காரங்களுக்கு மட்டும்தான் பாத்துச் சொல்வாரு போல இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அன்றைக்குப் பாயும் விருந்துக்கு வந்திருந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "இன்னா தம்பி, மிஷின் எங்கே? நானும் மாடியில தேடிட்டேன். காயிதம்தான் ஜாஸ்தி, வேற ஒண்ணும் இல்ல!"

"அந்தக் காயிதம்தான் பாய் மிஷினு."

"அப்ப பேஜாரே இல்ல. மழையில நனையாம பாத்துக்கோ."

எனக்கு அவன் சொன்னதை, எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ரேடியம் என்று ஒரு பொருள். அதிலிருந்து ஒரு ஒளி வரும். விளக்கு வெளிச்சம் மாதிரி கையில் பட்டு நிற்காது, பலகை, தகடு எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். ஒளி என்றாலும் அது துளித்துளியாகத்தான் போகிறதாம். தகட்டுக்குள் எலக்ட்ரான் என்று கண்ணுக்குத் தெரியாத சிறு சாமான் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஒரு துளி அதில் மோதினால், அதை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, தன் பலம் கொஞ்சம் குறைந்து வேறு பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பும் என்பதற்கான சூத்திரம் வெளிதேசத்தார் போட்டது. அதை வைத்துக்கொண்டு, கனமான தகட்டுக்குள் நுழைந்த ஒளி முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, கடைசியில் எவ்வளவு வெளியே வரும் என்று காகிதத்திலேயே கண்டு சொல்வது தம்பியின் வேலை. அளந்து பார்ப்பவர்கள் வேறு ஆட்கள்.

கரிக்கு அவன் கணக்கு ஒத்துப்போனது. அலுமினியத்துக்கு ஒத்துப்போனது. ஈயத்துக்கு மட்டும் ஒத்துவரவில்லை. அவன் சொன்னதைவிட அதிகமாகவே ஒளி ஈயத்துக்குள் காணாமல் போனது.

அப்போது அவனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை. காலேஜில் ஒரு நிரந்தர வேலை காலியானது. அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டிய பெரிய புரொபசர் இவன் கட்டுரையைப் பார்த்து, "ஈயத்துக்கென்று ஒரு எண்ணைச் சேர்த்துப் போடு. அளவோடு ஒத்துப்போகும், கட்டுரை முழுமையாக இருக்கும். முழுமையான வேலையைத்தான் நான் கமிட்டியில் காட்ட முடியும்" என்று சொல்லிவிட்டார். இப்படி மொட்டையாக நிற்கிற கட்டுரையை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன பேசுவார்?

தம்பி லீவு போட்டு மனைவி, குழந்தையோடு ஊருக்கு வந்தான். கிணற்றடியில் நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே குந்திக்கொண்டு எல்லாம் சொன்னான்.

"ஒரு எண்தானேடா? போட்டுட்டுப் போயேன்."

"எந்த எண்ணு போட்டா ஒத்துவரும்னு எனக்குத் தெரியும்க்கா. ஏன் அந்த எண்ணுன்னு தெரியாது."

"ஏன்னு யாரு கேக்கறாங்க? அவரே போடச் சொல்றாரு."

"ஈரத்தோல்ல உள்பக்கமா மண்ணும் உப்பும் குழைச்சிப் பூசி எடை ஏத்திக் கொண்டாருவாங்களே, அதை அப்பா இன்னா பண்ணுவாரு?"

"வண்டியில இருந்து இறக்கவே விடமாட்டாரு. அப்பாவை எதுக்குடா இழுக்கறே? அது வியாபாரம். இது உன் வாழ்க்கை. உள்ளே குழந்தை தூங்குது, போய்ப் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. சோறு போடுகிறவள் அப்படித்தான் பேசுவாள்.

தம்பி எண்ணைச் சேர்க்கவில்லை. "ஈயத்தில் என் கணக்கு குறைபடுகிறது. அங்கே நான் கணக்கில் எடுக்காத ஏதோ ஒன்று நடக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை." இப்படி எழுதி அச்சுக்குக் கொடுத்தான். வேலை வேறொருவருக்குப் போனது. வேலூரில் ஒரு ஹைஸ்கூலில் வாத்தியாராக வந்து சேர்ந்தான். தம்பி மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

சில வருஷம் போனது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. மெட்ராஸ் சிநேகிதர் அனுப்பிய பத்திரிகை கையில். "அக்கா, தெரிஞ்சிடுச்சிக்கா! பலமான ஒளி கனத்த அணுவோட கருவுக்குப் பக்கமாப் போகும்போது ஒளியே இல்லாமப் போயிடுது. அது இருந்த இடத்துல ரெண்டு பொறக்குது. ஒண்ணு எலக்ட்ரான். இன்னொண்ணு அதுமாதிரியே, ஆனா எதிர் மின்சாரம். ஈயம் கனமானது இல்ல? அதனாலதான் அங்கே ஜாஸ்தியா காணாமப் போயிருக்குது!"

"அப்ப நீ ஜெயிச்சிட்டே."

"நான் எங்கே ஜெயிச்சேன்? இன்னான்னு தெரியலன்னு எழுதினேன். கண்டுபிடிச்சவங்க வேற."

"அப்புறம் எதுக்குடா இப்படிக் குதிக்கறே?"

"தெரியலன்னு எழுதின எடம் நெஜமாவே காலியாத்தான் இருந்திருக்குது, பாரேன்!"

இதற்கு ஒருத்தன் சந்தோஷப்படுவானா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்றைக்கு அவன் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

அந்த மார்கழியிலேயே இருமல் கண்டது. பிறகு நெஞ்சு நோவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும், புதிதாகத் தெரிந்ததைச் சேர்த்து ஈயக் கணக்கை முதலிலிருந்து போட்டான். நர்சம்மா பென்சிலைப் பிடுங்கி வைப்பார். இவன் கெஞ்சி வாங்கிக்கொள்வான். ஒத்துவந்ததா என்று கேட்டேன். "கிட்ட வந்திருக்குதுக்கா. முடியல" என்றான். முடியாமலேதான் போனான்.

இந்த மலர் வேலை ஆரம்பித்ததும், தம்பி மனைவியின் அண்ணன், படித்தவர், நல்ல மனிதர், வாழ்க்கைக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். "ஒளி பொருளாக மாறும் ரகசியத்தை உலகுக்கு முதன்முதலில் உணர்த்திய மேதை" என்று அதில் இருந்தது. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அப்புறம்தான், "அது அவன் இல்லீங்களே" என்றேன்.

"இருக்கட்டும் அக்கா. செத்தவருக்கு ஒரு பெருமை. நாளைக்குக் குழந்தையை யாரு மகள்னு கேட்டா, சொல்லிக்க ஒண்ணு வேணாமா? ஆம்பூர்ல யாரு வந்து சரிபார்க்கப் போறாங்க?"

தம்பி மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். பிறகு மெதுவாக, "அவங்க இருந்தா இதை அச்சுக்கு விடமாட்டாங்க அண்ணா" என்றாள். பென்சிலை எடுத்து, அந்த வரியைக் காட்டச் சொல்லி, நானே அடித்தேன். அந்த இடத்தில் தம்பி கட்டுரையில் எழுதினதையே போடச் சொல்லியிருக்கிறோம். "அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை" என்பது வரைக்கும். குழந்தை வளர்ந்து, உன் அப்பா யார் என்று கேட்டால் அதைக் காட்டட்டும்.

மாடி கொடுத்த பாய் குடும்பத்துக்கும், அவனை மகன் மாதிரி பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கும், சவப்பெட்டியைத் தூக்கிய தோல் கிடங்குத் தொழிலாளிகளுக்கும், கடைசி ஊர்வலத்தில் வேலூர் வழி நெடுக நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கும்பிடு போடுகிறோம். கர்த்தர் உங்கள் வீடுகளைக் காக்கட்டும். தம்பி மனைவிக்கு நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் பேத்தி. எழுதிவிட்டாயா கண்ணு? எங்கே, முதலிலிருந்து வாசி. அழகாக இருக்கட்டும் என்று நீயாக ஏதாவது சேர்த்திருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்து. ம், வாசி.